முழுக மறுத்த பூச்சிகள்

கண்ணாடி டம்ளருக்குள் பூச்சி மிதந்துகொண்டிருந்தது.

மேஜையைச் சுற்றிக் குனிந்து நின்ற நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் அது நகரும். அரிசி மணியில் பாதி இருக்கும் அந்தப் பூச்சி தண்ணீரின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அது செய்ய வேண்டிய ஒரே வேலை முழுகுவது. அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றது.

"ஏனுங்க, சித்த நேரம் பொறுத்துப் பாக்கலாங்களா? ஊறினா தானா முழுகிப்போடுங்" என்றாள் என்னோடு வேலை செய்யும் பாப்பாத்தி.

"மீன் அதுவரைக்கும் பொறுத்துட்டு இருக்குமா அம்மணி?" என்றார் முதலாளி ராஜகோபால். கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனிதர் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

லண்டனுக்கு முதன்முதலாக அனுப்பிய சாம்பிள் பெட்டிக்கு அன்று காலைதான் ஃபேக்ஸில் பதில் வந்திருந்தது. கட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் மிதக்கிறது என்று. அவர்களுடைய ஏஜென்ட் ஆவணி பிறந்ததும் சென்னையிலிருந்து நேரில் வருவார். அப்போதும் மிதந்தால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

ஆவணி பிறந்ததும் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் மனதுக்குள் நாள் எண்ணினேன். எனக்கு வேறொரு கெடுவும் அதே ஆவணிக்குத்தான் இருந்தது.

பூச்சி என்றால் என்ன பூச்சி?

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் ஆறேழு பெண்கள் பூச்சி கட்டினோம் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. என் அண்ணன் மகன்கூட, "அத்தை ஏதோ பூச்சி மருந்துக் கம்பெனியில் இருந்தாங்க" என்றுதான் சொல்லித் திரிகிறான்.

ஊட்டிக்கு மேலே அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து விட்டது. அந்த மீனைப் புழு வைத்துப் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். தூண்டில் கொக்கியில் நூலும் மயிரும் இறகும் சுற்றி, பூச்சி போலவே செய்து, மீனை ஏமாற்ற வேண்டும். கீழ்ப் பட்டறைக்காரரின் மகனான எங்கள் முதலாளி ராஜகோபாலுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. லீவு கிடைத்தால் தூண்டிலோடு மலையேறிவிடுவார். அங்கே பழக்கமான யாரோ ஒருவர் மூலம் லண்டன் கடைக்காரரின் தொடர்பு கிடைத்தது.

பூச்சியில் இரண்டு சாதி. ஒன்று தண்ணீர் மேல் மிதக்க வேண்டும். மற்றது முழுகி உள்ளே போக வேண்டும். எங்களுடையது முழுகும் சாதி, அதிலும் ஆகப் பொடிசு. கொக்கியின் நம்பர் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதே எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. இருபதாம் நம்பர் கொக்கி கீழே விழுந்தால் தேடக் கூடாது. காலில் குத்தும்போது தானாகத் தெரியவரும்.

கொக்கியைச் சின்ன வைஸில் கவ்வ வைப்போம். கீழே லேத்தில் கடைந்து எடுத்த வைஸ் அது. பட்டு நூல் சுற்றி, முயல் மயிரை நூலில் முறுக்கி உடம்பு கட்டி, மேலே செப்புக் கம்பியை வளையம் வளையமாகச் சுற்ற வேண்டும். செப்புக் கம்பிக்கா கோயமுத்தூரில் பஞ்சம்? மோட்டார் வைண்டிங் கடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும். கழுத்துக்குப் பெட்டைக் கோழியின் இறகு. சேவல் இறகு விறைப்பு, மிதக்கும். பெட்டை இறகு மெத்து, தண்ணீர் குடிக்கும். கடைசியில் ஊசி முனையால் மயிரைக் கொஞ்சம் கோதிவிட்டு, அதே ஊசியால் தலையில் ஒரு பொட்டு வார்னிஷ். அந்த வார்னிஷ் கனிந்த வாழைப்பழம் போல மணக்கும். இன்றும் பூவன் பழம் உரித்தால் எனக்கு அந்த ஷெட்தான் ஞாபகம் வருகிறது, கூடவே ஒரு படபடப்பும்.

ஃபேன் போடக் கூடாது, இறகு பறந்துவிடும். வெளியே ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். உள்ளே ஜன்னல்களைச் சாத்திவிட்டு நாங்கள் வெந்துகொண்டிருப்போம்.

ஆடிக்கு வந்தவள்

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கட்டிக்கொடுத்தது தாராபுரத்தில். கல்யாணமான முதல் ஆடிக்கு முறைப்படி அண்ணன் வந்து கோயமுத்தூருக்கு அழைத்து வந்தார். ஆவணி பிறந்தது. நான் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்காரர் அடிப்பார். அதற்கு மேல் விவரம் வேண்டாம். முதுகை அண்ணனிடம் காட்ட முடியாமல் நங்கையிடம் காட்டினேன். நங்கை என்றால் அண்ணன் மனைவி, எங்கள் பக்கத்து முறை.

ஆடிக்கு வந்தவள் இருக்க அடுத்த ஆடியும் வந்துவிட்டது. லைன் வீட்டில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள், "என்னுங் அம்மணி, உங்களுக்கு மட்டும் ஆடி முடியவே மாட்டேங்குது?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அழுதால் குடம் நிறையும்வரை விசாரிப்பார்களே.

அண்ணன் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னர். நல்லவர், ஆனால் நான்கு பேருக்குப் பயந்தவர். தாராபுரத்திலிருந்து பெரிய மாமா, அதாவது என் மாமனாரின் அண்ணன், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தப் பூச்சி வேலை நெலைக்குதான்னு பாப்போம் கண்ணு. நெலைச்சுதுன்னா நீ இங்கியே இரு, நான் பேசிக்கறேன். இல்லீன்னா எதைக் காட்டி நான் பேசறது? பெரியவரு கூப்பிட்டா போயிரு."

அவ்வளவுதான். பூச்சி முழுகினால் கோயமுத்தூர், மிதந்தால் தாராபுரம்.

நங்கை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் மரியாதையை அவரிடம்தான் கற்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஆழாக்கால் அரிசி அளந்து போடுவார். அவர்கள் வீட்டுக்கு அளந்ததும் கை நிற்கும். சமையலறையிலிருந்தே கேட்பார்: "அம்மணி, உங்களுக்கும் சேர்த்துப் போட்டறட்டுங்களா?"

அத்தனை 'ங்க' போட்டு ஒரு மனுஷியை இப்படிக் குத்த முடியுமா? முடியும். "போடுங் நங்கை" என்று நான் சொன்ன பிறகுதான் ஆழாக்கு இன்னொரு தடவை இறங்கும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட அவர் கேட்காமல் போட்டதில்லை.

சிறுவாணியும் குற்றவாளி

ஷெட்டில் குற்றவாளியைத் தேடும் வேலை நடந்தது.

முதலில் கோழி மாட்டியது. கறிக்கடைக்காரர் சேவல் இறகைக் கலந்துவிட்டார் என்று முதலாளி போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பெட்டைக் கோழியை எங்கள் கண்முன் பிடித்து இறகெடுத்தும் பூச்சி மிதந்தது. அடுத்தது நூலுக்குத் தேய்க்கும் மெழுகு. மெழுகே இல்லாமல் கட்டினோம். மிதந்தது. பாப்பாத்தி குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரின் மேலேயே சந்தேகப்பட்டாள். "இது லேசான தண்ணிங், அதான் தாங்குது" என்றாள். போர்வெல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அதிலும் மிதந்தது.

ஒருத்தி கட்டியது மட்டும் முழுகியது. நூர்ஜஹான்.

உக்கடத்திலிருந்து வருபவள். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னை அக்கா என்பாள். முக்காட்டை ஒரு விரற்கடை நகரவிடாமல், தலை நிமிராமல் கட்டிக்கொண்டே இருப்பாள். அவள் பூச்சியை டம்ளரில் விட்டால் கல் மாதிரி நேராக இறங்கும்.

"அவ மட்டும் என்னத்தையோ பண்றா, நம்மகிட்டச் சொல்ல மாட்டேங்கறா" என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நூர்ஜஹான் காதில் அது விழுந்தது. டிபன் வேளையில் என்னிடம் வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனாங்க்கா? என் ஒருத்திய வெச்சுட்டுக் கம்பெனி நடத்துவாங்களா? மூடினா எனக்குந்தானே போச்சு."

அவள் கண்ணிலும் என் கண்ணில் இருந்த அதே பயம்தான் இருந்தது. கவலைப்படுவதில் எனக்குப் போட்டியே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, எண்ணெய் வைத்து, எங்கள் ஊர்ச் சீயக்காயான அரப்பு போட்டுத் தலைக்கு வார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எல்லாருமே அன்று அப்படித்தான் வந்திருந்தார்கள், ஷெட் முழுக்க அரப்பு வாசனை.

அன்று நான் கட்டிய பூச்சி முழுகியது.

பாப்பாத்தியுடையது முழுகியது. எல்லாருடையதும் முழுகியது. முதலாளி டம்ளரைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கியபோதும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை, தலையை நன்றாகப் படியச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கட்டினேன். விட்டேன். மிதந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் முழுகும் பூச்சியை எந்த மீன் கடிக்கும்? மாமியார் என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. "இவ கையி ராசியில்லாத கையி. இவ தொட்டா தயிரு உறையாது." தாராபுரத்தில் அதை நான் நம்பியதில்லை. அன்று நம்பினேன்.

ஊசி

"நாம ரெண்டு பேரும் எடம் மாத்தி உக்காரலாங்க்கா" என்றாள் நூர்ஜஹான்.

மாற்றினோம். அவள் என் வைஸில், என் நூலில், என் இறகில், என் ஊசியைத் துடைத்து எடுத்துக் கட்டினாள். முழுகியது. நான் அவளுடைய சாமான்களை வைத்துக் கட்டினேன். மிதந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் கட்டினேன். மிதந்தது.

ஆக, சாமானில் கோளாறு இல்லை. கோளாறு நான்தான். கண்ணில் நீர் முட்டியது. கொக்கி தெரியவில்லை. இருந்தாலும் விடாமல் அடுத்ததைக் கட்ட ஆரம்பித்தேன். நூர்ஜஹான் தன் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பேனுங்களா?"

"என்னது?"

"இல்லீங், ஊசிய எடுக்கறப்பெல்லாம் தலையில கொண்டுபோயித் தேய்க்கறீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேனும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஊசின்னா தலையில ஒருக்கா தேச்சுட்டுத்தான் எடுப்பாங்க. உங்கூட்டுல தைக்கறப்போ தேய்க்க மாட்டீங்களா?"

தையல் பழகிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். ஊசியைத் தலைமுடியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குத்தினால் துணியில் வழுக்கிக்கொண்டு போகும். யாரும் சொல்லித் தந்ததில்லை. கை தானாகப் போகும், தானாக வரும். அதைச் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

நூர்ஜஹான் தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு எங்கீங்க்கா தலை? நான் முந்தானையில தொடைச்சுக்குவேன்."

ஊசியை மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தில் துடைத்துப் பார்த்தேன். வடை மடித்த காகிதம் போல ஒரு பொட்டு கண்ணாடியாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெய். தினமும் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வரும் எண்ணெயை, ஊசியால் தொட்டுத் தொட்டு, முழுக வேண்டிய பூச்சியின் மயிரில் நாங்களே தடவிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை அரப்பு எல்லா எண்ணெயையும் கொண்டுபோய்விட்டது. அம்மன் பாவம், அவளுக்கு இதில் சம்பந்தமே இல்லை. மாவிளக்கை மட்டும் போட்டுவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. பாப்பாத்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள், "அட நாசமாப் போக!" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஊசியைத் தலையில் தேய்த்தாள்.

கேட்காத கை

அதுதான் அடுத்த சங்கடம். காரணம் தெரிந்துவிட்டது, கை கேட்கவில்லை. எண்ணெய் வைக்காமல் வந்து பார்த்தோம். என்றோ வைத்த எண்ணெய் வேர்வையோடு கசிந்து வந்தது. ஒருவரையொருவர் காவல் காத்தோம். "அக்கா, கை!" "பாப்பாத்தி, கை!" என்று நாள் முழுக்கச் சத்தம். ஆனாலும் பத்துப் பூச்சிக்கு ஒன்றாவது மிதந்தது. ஆவணியோ பக்கத்தில் வந்துவிட்டது.

கடைசியில் நூர்ஜஹானின் வழிதான் எல்லாருக்கும் வழியாயிற்று. முதலாளி ஈரோட்டுச் சந்தையிலிருந்து ஈரிழைத் துண்டுகள் வாங்கி வந்தார். தலையில் ஒரு முடிகூடத் தெரியாமல் இறுக்கிக் கட்டிக்கொண்டோம். கை பழக்கத்தில் மேலே போகும், துண்டில் முட்டிக்கொண்டு திரும்பி வரும். பழைய சரக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டினோம். என் தூக்கத்தில்கூட டம்ளர் டம்ளராகப் பூச்சிகள் மிதந்தன.

ஏஜென்ட் வந்த நாளும் பெரிய மாமா வருவதாகச் சொன்ன முகூர்த்த நாளும் ஒன்றாகவே அமைந்தது. எனக்கென்று வந்து வாய்க்கும்.

சஃபாரி சூட் போட்ட ஏஜென்ட் படியேறி வந்து எங்களைப் பார்த்துத் திகைத்தார். "என்ன சார், எல்லாரும் இப்பத்தான் குளிச்சிட்டு வந்தாங்களா?"

"சுத்தம் சார். எங்க யூனிட்டுல அது ரொம்ப முக்கியம்" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

ஏஜென்ட் ஸ்பாஞ்ச் அட்டையிலிருந்து ஒரு பூச்சியை எடுத்தார். என் வரிசையிலிருந்துதான் எடுத்தார். டம்ளருக்கு ஒரு சாண் மேலே பிடித்து விட்டார். அது தண்ணீரின் மேல் விழுந்து நின்றது. நின்ற அந்தக் கணத்தில் நான் தாராபுரம் போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசல், வேப்ப மரம், கதவுக்குப் பின்னால் கழற்றி மாட்டிய பெல்ட், எல்லாம் கண்ணில் வந்தது.

பிறகு அது ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல உள்ளே போயிற்று.

அவர் இன்னொன்றை விட்டார். இன்னொன்று. பாப்பாத்தியுடையது, நூர்ஜஹானுடையது, மறுபடியும் என்னுடையது. டம்ளரின் அடியில் சீரகம் போலப் படிந்துகொண்டே போனது. "சரி, ஆர்டருக்குக் கட்டுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் ஒன்றை விட்டுப் பாருங்கள் சார், எனக்காக, என்று கேட்கத் தோன்றியது. நூர்ஜஹான் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செம்புத் தண்ணீர்

வீட்டு வாசலில் பெரிய செருப்பு கிடந்தது. உள்ளே பெரிய மாமா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அண்ணன்.

"வாங்க அம்மணி. ஆவணி பொறந்துருச்சு, கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங். என்ன இது தலையில துண்டு?" என்றார்.

துண்டை அவிழ்க்காமலே பஸ் ஏறி வந்திருக்கிறேன். நான் சமையலறைக்குப் போய் ஒரு செம்பில் விளிம்புவரை தண்ணீர் மொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தேன். ரவிக்கையில் குத்தி வைத்திருந்த பூச்சியை எடுத்து, மேலே பிடித்து, விட்டேன்.

"தண்ணிக்குள்ள எதுக்கம்மணி கொசுவப் போடறீங்?" என்றார் பெரிய மாமா.

அண்ணன் குனிந்து செம்புக்குள் பார்த்தார். பூச்சி அடியில் கிடந்தது.

"எல்லாமே முழுகுதா கண்ணு?"

"எல்லாமே முழுகுதுங்ணா."

"அந்த ஆளு வந்து பாத்தாச்சா?"

"பாத்துட்டாருங்ணா. கட்டச் சொல்லிப்போட்டாரு."

அண்ணன் நிமிர்ந்தார். நான்கு பேருக்குப் பயந்த என் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "மாமா, சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும் நீங்க. ஆனா அம்மணி வரலீங்."

பெரிய மாமா என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். "அப்பச் சரீங்" என்று எழுந்தார். சாப்பாடு வேண்டாம், தாராபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். மஞ்சள் பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை மட்டும் மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. நங்கை சமையலறைக்குள் போனார். நான் சுவரோரம் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. ஆழாக்கு இறங்கியது. மறுபடி இறங்கியது. வழக்கமாகக் கை நிற்கும் இடம் எனக்குத் தெரியும். தினமும் பதில் சொல்கிறவள் இல்லையா, வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தேன்.

அன்று அரிசி விழுகிற சத்தம் நடுவில் நிற்கவே இல்லை.